நமீபியாவில் முதல் வேட்டைப் பயணம்: ஏற்பாட்டாளரைத் தேர்ந்தெடுப்பது முதல் கொம்புகள் வீடு வந்து சேர்வது வரை

அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் வாழ்ந்து, அங்கே வேட்டை உரிமம் பெற்று, ஆப்பிரிக்காவில் ஒரு முறையாவது சட்டப்படி வேட்டையாட வேண்டும் என்று எண்ணும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்தப் பயணத்தைத் திட்டமிடத் தொடங்கியபோது கையில் கிடைத்தவை எல்லாம் விற்பவர்களின் துண்டறிக்கைகளாகவே இருந்தன. அவற்றில் கொம்பின் நீளம் இருந்தது, செலவின் முழுத்தொகை இல்லை. ஓர் இடைத்தரகர் முதலில் சொன்ன தொகைக்கும், வரி, பயண வண்டி, தோல் பதப்படுத்தல், சரக்குக் கூலி எல்லாம் சேர்ந்தபின் வந்த தொகைக்கும் இருந்த இடைவெளியை அறிந்துகொள்ளவே பல மாதக் கடிதப் போக்குவரத்து தேவைப்பட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இந்தியாவில் வசிப்பவர்களுக்கு ஒரு சொல்: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அங்கு வேட்டை தடைசெய்யப்பட்டுள்ளது, வனவிலங்கின் உடற்பகுதிகளை நாட்டுக்குள் கொண்டுவருவதும் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. எனவே கொம்பையோ தோலையோ ஊருக்குக் கொண்டுவரும் எண்ணத்துடன் எந்த முன்பணமும் கட்டாதீர்கள்.

1. எந்த விலங்கு, எந்த நாடு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆப்பிரிக்க வேட்டை என்றதும் யானையும் காட்டெருமையும் சிங்கமும் நினைவுக்கு வரும். முதல் பயணத்துக்கு அவை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. காட்டெருமை வேட்டைக்குக் குறைந்தது ஒரு வாரமும், பத்தாயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும் செலவும், .375 அல்லது அதற்கு மேற்பட்ட குழல் விட்டமுள்ள ரைஃபிளும், அதன் உதைப்பைத் தாங்கிப் பழகிய தோளும் வேண்டும். யானைக்கான செலவு அதைப் போல் பல மடங்கு. மாறாக, குடு, ஜெம்ஸ்பாக், ஸ்பிரிங்பாக், ஹார்ட்டபீஸ்ட் ஆகிய மான் வகைகள், வார்த்தாக் என்ற காட்டுப்பன்றி முதலிய சமவெளி விலங்குகளை, உங்களிடம் ஏற்கெனவே இருக்கக்கூடிய .308 அல்லது .30-06 ரைஃபிளைக் கொண்டே வேட்டையாடலாம். நடந்து தடம் பார்த்து நெருங்கும் வேட்டையின் முழு அனுபவமும் அதில் கிடைக்கும்.

சமவெளி விலங்குகளுக்குப் புதியவர்கள் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவையோ நமீபியாவையோ தேர்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் விலங்கு வகைகள் மிக அதிகம், விமானங்களும் அதிகம். ஆனால் உயர்வேலி போட்ட சிறு நிலங்களும், வேட்டைக்காரர் வருவதற்குச் சற்று முன்பாக விலைக்கு வாங்கி அவிழ்த்துவிடப்பட்ட விலங்குகளும் அங்கே ஒரு மெய்யான சிக்கல். நமீபியாவில் வகைகள் குறைவு. ஆனால் ஐயாயிரம் ஹெக்டேர் அளவுள்ள பண்ணைகள் அங்கே சாதாரணம், துப்பாக்கியோடு நுழைவதும் எளிது. அதனால் இந்தக் கட்டுரை நமீபியாவை மையமாக வைத்துச் செல்கிறது; தென்னாப்பிரிக்கா வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன். கென்யாவில் 1977 முதல் வேட்டை முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ளது. அங்கே வேட்டை ஏற்பாடு செய்து தருவதாக எவரேனும் சொன்னால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

2. காலத்தைப் பின்னிருந்து கணக்கிடுங்கள்

நமீபியாவில் வேட்டைப் பருவம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. இதில் மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களே புதியவருக்கு ஏற்றவை. புல் காய்ந்து, இலைகள் உதிர்ந்து, பார்வை நீளும். விலங்குகள் நீர்நிலைகளைச் சுற்றி வரும். ஜூன், ஜூலை மாதங்களில் நடு மேட்டுநிலத்தில் இரவு வெப்பம் உறைநிலைக்கே இறங்கிவிடும். விடியலில் திறந்த வண்டியின் பின்புறம் நிற்கப்போகிறீர்கள் என்பதை நினைவில் வைத்துத் தடித்த மேலாடையும் கையுறையும் எடுத்துச் செல்லுங்கள்.

நல்ல ஏற்பாட்டாளர்களின் வறண்ட மாதங்கள் ஓராண்டுக்கு முன்பே நிறைந்துவிடுகின்றன. ஆகவே புறப்பட விரும்பும் நாளுக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்களுக்கு முன்பே விசாரிக்கத் தொடங்குங்கள். சமவெளி வேட்டைக்கு ஏழு வேட்டை நாட்கள் போதும். வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அந்த ஏழில் சேராது என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் சிலர் அவற்றையும் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

3. ஏற்பாட்டாளரைத் தேர்ந்தெடுங்கள்

இதற்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைச் செலவிட வேண்டும். ரைஃபிளைப் பற்றி மாதக்கணக்கில் விவாதித்துவிட்டு ஏற்பாட்டாளரை ஒரு கண்காட்சி மேடையில் பத்து நிமிடப் பேச்சில் முடிவு செய்பவர்களே அதிகம். உண்மையில் உங்கள் வேட்டை நேர்மையாக நடக்குமா, சட்டப்படி நடக்குமா, கேட்ட தொகைக்குள் முடியுமா என்ற மூன்றையும் தீர்மானிப்பவர் அவர் ஒருவரே.

முதலில் உரிமத்தைப் பாருங்கள். நமீபியாவில் வெளிநாட்டு வேட்டைக்காரர் தனியாக வேட்டையாட முடியாது; சுற்றுச்சூழல், வனம், சுற்றுலா அமைச்சகத்தில் பதிவு பெற்ற வழிகாட்டி உடனிருக்க வேண்டும். அவர்களில் படிநிலைகள் உண்டு. வேட்டை வழிகாட்டி எனப்படுபவர் தம் பண்ணையில் மட்டுமே விருந்தினரை அழைத்துச் செல்லலாம். தலைமை வேட்டை வழிகாட்டிக்குத் தம் பண்ணையுடன் மேலும் இரண்டு பண்ணைகளுக்கு அனுமதி உண்டு. தொழில்முறை வேட்டையர் நில உரிமையாளரின் இசைவுடன் நாட்டின் எந்த நிலத்திலும் வேட்டையை நடத்தலாம். யானை, காட்டெருமை போன்ற ஆபத்தான விலங்குகளுக்குத் தனித் தகுதி வேண்டும். உங்களிடம் நான்கு வெவ்வேறு பண்ணைகளைக் காட்டி வாக்குறுதி கொடுப்பவர் வெறும் வேட்டை வழிகாட்டியாக இருந்தால், அந்த வாக்குறுதியை அவர் சட்டப்படி நிறைவேற்ற முடியாது. பதிவுச் சான்றின் நகலைக் கேளுங்கள். நேர்மையானவர்கள் தயங்காமல் அனுப்புவார்கள்.

அடுத்தது சங்க உறுப்பினர் தகுதி. நமீபியத் தொழில்முறை வேட்டையர் சங்கத்தை ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் நாஃபா என்பார்கள். அதன் உறுப்பினர்கள் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள், அவர்கள் மீது சங்கத்தில் புகார் கொடுக்கவும் வழியுண்டு. தென்னாப்பிரிக்காவில் நிலைமை சற்றுச் சிக்கலானது. கூண்டில் வளர்த்த சிங்கங்களை வேட்டைக்கு விடும் வழக்கத்தை ஏற்பதா மறுப்பதா என்பதில் 2017இல் ஃபாசா என்ற பழைய சங்கம் பிளவுபட்டு, அவ்வழக்கத்தை எதிர்த்தவர்கள் தனிச் சங்கம் அமைத்தார்கள். சிங்கம் உங்கள் பட்டியலில் இல்லாவிட்டாலும், அந்த நிலத்தில் கூண்டுச் சிங்க வேட்டை நடக்கிறதா என்று கேளுங்கள். நடந்தால் விலகிவிடுங்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு நம் பணம் போகக்கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது, நிலம். கேட்க வேண்டிய கேள்விகள் இவை: நிலம் உங்களுடையதா, குத்தகையா? எத்தனை ஹெக்டேர்? விலங்குகள் தாண்ட முடியாத உயர்வேலி உண்டா, அல்லது குடு எளிதாகத் தாண்டிப்போகும் மாட்டு வேலி மட்டும்தானா? நான் விரும்பும் விலங்கு அங்கேயே பிறந்து வளர்ந்ததா, வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டதா? என்னுடன் அதே வாரத்தில் முகாமில் வேறு எத்தனை வேட்டைக்காரர்கள் இருப்பார்கள்? உயர்வேலி என்பதாலேயே ஓர் இடம் தவறானதாகிவிடாது; பத்தாயிரம் ஹெக்டேருக்கு வேலி போட்டிருந்தால் அதற்குள் ஒரு குடு உங்களை நாள் முழுதும் நடக்கவைக்கும். வேலிக்குள் இருக்கும் பரப்பும், விலங்கு தானே இனம்பெருகி வாழ்கிறதா என்பதுமே முக்கியம்.

நமீபியாவில் இன்னொரு வழியும் உண்டு. ஊர் மக்களே நிர்வகிக்கும் பொதுநிலக் காப்பகங்கள் எண்பதுக்கும் மேல் உள்ளன. அரசு வகுத்த ஒதுக்கீட்டுக்குள் அவற்றில் வேட்டையை நடத்தும் உரிமையை ஏற்பாட்டாளர்கள் ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். கட்டணத்தின் ஒரு பகுதி காப்பகத்துக்கும், இறைச்சி ஊராருக்கும் போகிறது. வேலியில்லாத பெருநிலத்தில் நடக்கும் வேட்டை இது. ஆனால் தொலைவு அதிகம், வசதி குறைவு, விலங்கு கிடைக்கும் வாய்ப்பும் பண்ணையைவிடக் குறைவு. உடல் வலுவும் பொறுமையும் உள்ளவர்கள் கட்டாயம் எண்ணிப் பார்க்கலாம்.

கடைசியாகப் பழைய விருந்தினர்களிடம் பேசுங்கள். ஏற்பாட்டாளர் தரும் பெயர்கள் அவரைப் புகழ்பவர்களாகவே இருப்பார்கள். அதனால் கடந்த இரு பருவங்களில் வந்தவர்கள், குறிப்பாக எண்ணிய விலங்கு கிடைக்காமல் திரும்பியவர்கள் யார் என்று கேளுங்கள். அவர்களிடம் "திரும்பப் போவீர்களா?" என்று கேட்பதைவிட, "கடைசி நாள் கணக்குச் சீட்டில் நீங்கள் எதிர்பாராத செலவு எது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வரும் விடையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

4. விலைப்பட்டியலைப் படியுங்கள்

வேட்டைச் செலவு இரண்டு அடுக்குகளைக் கொண்டது. முதலாவது நாள் கட்டணம்: தங்குமிடம், உணவு, வழிகாட்டி, தடம் பார்ப்பவர், தோல் உரிப்பவர், வேட்டை வண்டி ஆகியவற்றுக்கானது. இரண்டாவது, வீழ்த்தும் ஒவ்வொரு விலங்குக்குமான டிராஃபி (கொம்பு, தோல் போன்ற வேட்டை நினைவுப்பொருள்) கட்டணம். ஒரு வழிகாட்டி ஒரே வேட்டைக்காரருடன் செல்லும் ஏற்பாட்டுக்கு நமீபியாவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 500 அமெரிக்க டாலர் கேட்கிறார்கள். இருவர் ஒரு வழிகாட்டியைப் பகிர்ந்தால் தலைக்குக் குறையும். டிராஃபி கட்டணம் ஸ்பிரிங்பாக்குக்கும் வார்த்தாக்குக்கும் சில நூறு டாலர், ஜெம்ஸ்பாக்குக்கு 500 முதல் 900, குடுவுக்கு 1500 முதல் 2500 வரை என்று பட்டியல்களில் பார்க்கலாம். வேட்டையாடாமல் உடன் வரும் மனைவிக்கோ கணவருக்கோ பார்வையாளர் கட்டணம் தனி.

பட்டியலில் பெரும்பாலும் சேராதவை எவை என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நாள் கட்டணத்தின் மீதான 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி, தலைநகர் விண்ட்ஹூக்கின் விமான நிலையத்திலிருந்து பண்ணைக்கு வண்டி, மதுபானம், வாடகைத் துப்பாக்கி, அதற்கான தோட்டா, வேறு பண்ணைக்குச் சென்றால் கிலோமீட்டர் கணக்கு, பணியாளர்களுக்கான அன்பளிப்பு, தோல் பதப்படுத்தி அனுப்பும் செலவு. அன்பளிப்பு எவ்வளவு, யார் யாருக்கு, எந்த நாணயத்தில் என்று முன்கூட்டியே ஏற்பாட்டாளரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மலிவான தொகுப்புகளில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, குறிப்பிட்ட ஐந்து விலங்குகள் அடங்கிய தொகுப்பு என்று சொல்லிவிட்டு, அவற்றுள் ஒன்று கிடைக்காவிட்டால் மாற்று விலங்கும் கிடையாது, பணமும் திரும்பாது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பது. இன்னொன்று, அறக்கொடை ஏலங்களில் பாதி விலைக்குக் கிடைக்கும் வேட்டை. ஏலத்தில் எடுத்தது ஓரிரு சிறு விலங்கும் சில நாட்களும் மட்டுமே, மற்ற ஒவ்வொன்றுக்கும் முழு விலை என்பது போய்ச் சேர்ந்த பிறகே புரியும். ஏலத்தில் கை உயர்த்துவதற்கு முன் முழு விலைப்பட்டியலை வாங்கிப் படியுங்கள்.

5. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள்

வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் அனுப்ப வேண்டாம். முன்பணம் வழக்கமாகப் பாதித் தொகை. அதை நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், தொலைபேசியில் அவர் குரலைக் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

ஒப்பந்தத்தில் தேதிகள், பண்ணையின் பெயர், உடன்வரும் வழிகாட்டியின் பெயர், விலங்குகளின் பட்டியலும் விலையும், வரி யார் பொறுப்பு என்பது, நீங்களோ அவரோ ரத்து செய்தால் முன்பணத்தின் கதி ஆகியவை இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது காயம்பட்டுத் தப்பிய விலங்கு பற்றிய விதி. ஆப்பிரிக்கா முழுவதும் நடைமுறை ஒன்றுதான்: ஒரு சொட்டு இரத்தம் தெரிந்தாலும் அந்த விலங்கு உங்கள் கணக்கில் ஏறும், அது கிடைக்காவிட்டாலும் முழு டிராஃபி கட்டணமும் கட்ட வேண்டும். இது நியாயமான விதி. ஆனால் எவ்வளவு நேரம் தேடுவார்கள், நாய்கள் உண்டா, மறுநாளும் தேடலாமா, பின்னர் அந்த விலங்கு கண்டெடுக்கப்பட்டால் கொம்பு உங்களுக்கு அனுப்பப்படுமா என்பவை ஏற்பாட்டாளருக்கு ஏற்பாட்டாளர் மாறும். அதை எழுத்தில் கேளுங்கள்.

வேட்டை அனுமதிச் சீட்டு உங்கள் பெயரில், வேட்டை தொடங்கும் முன்பே அமைச்சகத்திலிருந்து பெறப்பட்டிருக்க வேண்டும். அதை வாங்குவது ஏற்பாட்டாளரின் வேலை; அதைக் கண்ணால் பார்ப்பது உங்கள் வேலை. ஒரு வேட்டைக்காரருக்கு ஓர் இனத்தில் இரண்டு டிராஃபிக்கு மேல் அனுமதியில்லை. தென்னாப்பிரிக்காவில் இதற்கு இணையாக, வேட்டை தொடங்கும் முன் நீங்களும் ஏற்பாட்டாளரும் கையெழுத்திடும் தொழில்முறை வேட்டைப் பதிவேடு உண்டு. விலையும் விலங்கும் நிரப்பாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

6. துப்பாக்கி: கொண்டுபோவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா

நமீபியச் சட்டம் விலங்கின் அளவுக்கேற்பத் தோட்டாவின் குறைந்தபட்ச ஆற்றலை வகுத்துள்ளது: ஸ்பிரிங்பாக் போன்ற சிறியவற்றுக்கு 1350 ஜூல், குடு, ஜெம்ஸ்பாக், ஹார்ட்டபீஸ்ட், ஈலண்ட் என்ற பெரிய மான் ஆகியவற்றுக்கு 2700 ஜூல், யானை, காட்டெருமை போன்றவற்றுக்கு 5400 ஜூல். .308, .30-06, 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம் ஆகியவை நடுவகைக்குத் தாராளமாகப் போதும். கைத்துப்பாக்கிக்கும் தானியங்கித் துப்பாக்கிக்கும் இடமில்லை.

சொந்த ரைஃபிளைக் கொண்டுபோனால், விண்ட்ஹூக்கின் ஹோசேயா குட்டாகோ விமான நிலையத்திலேயே காவல்துறை தற்காலிக இறக்குமதி அனுமதி தருகிறது. படிவத்தை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். கூடவே துப்பாக்கி உங்களுடையது என்பதற்கான சான்று, அழைப்புக் கடிதம், திரும்பும் பயணச் சீட்டு ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு உடைமைச் சான்றாகச் சுங்கத்துறையின் 4457 படிவம் பயன்படும்; துப்பாக்கியின் தொடர் எண் அதில் பிழையின்றி இருக்கிறதா என்று அலுவலகத்தை விட்டு வெளியே வருமுன் பாருங்கள்.

உண்மையான தொல்லை வழியில்தான் வரும். ஜோகன்னஸ்பர்க் வழியாகச் செல்பவர்கள் பெட்டியை நேராக விண்ட்ஹூக் வரை பதிவு செய்துவிட்டால் சிக்கலில்லை. இரண்டு தனித்தனிச் சீட்டுகளில் பயணித்து, ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டியை எடுத்து மீண்டும் போட வேண்டியிருந்தால், தென்னாப்பிரிக்க அனுமதியும் தேவைப்படும். அதற்கான எஸ்.ஏ.பி. 520 படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்ப வேண்டும், கையெழுத்தை மட்டும் அங்குள்ள காவலர் முன்னிலையில் போட வேண்டும். ஆம்ஸ்டர்டாம் போன்ற சில நகரங்களில் விமானம் மாறுவதற்கே தனி அனுமதி கேட்கிறார்கள். ஆகவே பயணச் சீட்டு வாங்கும் முன்பே விமான நிறுவனத்திடம் துப்பாக்கியை ஏற்பதாக எழுத்தில் பெறுங்கள். தோட்டாக்கள் ஒரு பயணிக்கு ஐந்து கிலோவுக்கு மிகாமல் இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் அவற்றைத் தனிப் பூட்டுப் பெட்டியில் கேட்கின்றன.

இத்தனையும் பெரும் சுமையாகத் தோன்றினால் பண்ணையிலேயே வாடகைக்கு எடுங்கள். அங்கே இருக்கும் ரைஃபிள் அந்த விலங்குகளுக்கென்றே குறி சரிபார்க்கப்பட்டது, ஒலியடக்கியும் பெரும்பாலும் பொருத்தப்பட்டிருக்கும். முதல் பயணம் செல்பவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

7. விசா, காப்பீடு, தடுப்பூசி

2025 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜெர்மனி உள்ளிட்ட பல நாட்டவருக்கு நமீபிய விசா கட்டாயமாகிவிட்டது. கட்டணம் 1600 நமீபிய டாலர். இணையத்தில் முன்பே எடுத்துக்கொள்வது விமான நிலைய வரிசையைக் குறைக்கும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்களுக்கான விதியைத் தூதரகத்திடம் தனியாகக் கேளுங்கள்.

சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் வேட்டையும் துப்பாக்கிப் பயன்பாடும் விலக்கப்பட்டிருக்கும். வேட்டை சேர்க்கப்பட்ட, பண்ணையிலிருந்து விண்ட்ஹூக் மருத்துவமனைக்கு வான்வழி மீட்பு அடங்கிய காப்பீட்டையே எடுங்கள். மலேரியா நாட்டின் வடபகுதியில் உண்டு. நடுப்பகுதிப் பண்ணைகளில் ஆபத்து குறைவு. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களுக்கும், அங்கே விமானம் மாற நீண்டநேரம் தங்குபவர்களுக்கும் தடுப்பூசிச் சான்று தேவைப்படும்.

8. புறப்படும் முன் சுட்டுப் பழகுங்கள்

மேசைமேல் ரைஃபிளைச் சாய்த்துச் சுடும் பழக்கம் ஆப்பிரிக்காவில் உதவாது. அங்கே வழிகாட்டி மூன்றுகால் குச்சிகளை விரித்து நிறுத்துவார். நீங்கள் நின்றபடி அதன்மேல் ரைஃபிளை வைத்துச் சுட வேண்டும். பெரும்பாலான வாய்ப்புகள் நூறு முதல் இருநூறு மீட்டருக்குள் வரும், சில நொடிகளே நீடிக்கும். எனவே மூன்று மாதங்களுக்கு முன்பே அத்தகைய குச்சிகளை வாங்கி, மூச்சு வாங்கும்படி சிறிது ஓடிவிட்டு, நின்றபடி சுட்டுப் பழகுங்கள்.

இன்னொன்று, ஆப்பிரிக்க மான் வகைகளின் இதயம் வட அமெரிக்க மான்களைவிட முன்னாலும் கீழும் இருப்பதாகக் கொண்டு குறிபார்க்க வேண்டும். முன்னங்காலின் நடுக்கோட்டில் மேலேறி, உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வைக்கச் சொல்வார்கள். சற்றுப் பின்னால் பட்டால் ஜெம்ஸ்பாக் கிலோமீட்டர்கணக்கில் ஓடிவிடும். ஒரு விலங்கை வலியில் அலையவிடாமல் இருப்பது வேட்டைக்காரரின் முதல் கடமை. கட்டண விதியும் அதையொட்டியே அமைந்திருக்கிறது.

9. கொம்பும் தோலும் வீடு வந்து சேர

இறைச்சி நில உரிமையாளருக்கோ ஊராருக்கோ உரியது. அதை நீங்கள் முகாமில் உண்ணலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கொம்பு, மண்டையோடு, தோல் ஆகியவை உப்பிடப்பட்டு, பின்னர் கிருமி நீக்கி, கால்நடை மருத்துவச் சான்றுடன் பெட்டியிடப்படும். இந்த வேலையை அங்கே டிப் அண்ட் பேக் என்கிறார்கள். அதன்பின் விமானச் சரக்கு. இரண்டும் சேர்ந்து 1500 முதல் 3000 டாலர் வரை ஆகலாம். பாடம் செய்யும் (தோலைக் கொண்டு உயிருள்ளது போன்ற உருவமாக்கும்) செலவு இதில் அடங்காது. அங்கேயே பாடம் செய்து வாங்கினால் கூலி குறையும், ஆனால் பெட்டி பெரிதாகிச் சரக்குக் கட்டணம் ஏறும். இரண்டு வழிக்கும் விலை வாங்கி ஒப்பிடுங்கள். எப்படிப் பார்த்தாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

குடு, ஜெம்ஸ்பாக், ஸ்பிரிங்பாக், வார்த்தாக் ஆகியவை, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இல்லை. மலை வரிக்குதிரை அதன் இரண்டாம் இணைப்பில் உள்ளது. சிறுத்தையும் சிவிங்கிப்புலியும் (சீட்டா) மிகக் கடுமையான கட்டுப்பாடு கொண்ட முதலாம் இணைப்பில் உள்ளன. சிவிங்கிப்புலிக்கு நமீபியாவுக்கு ஆண்டுக்கு 150 என்ற ஒதுக்கீடு உண்டு என்பதால் அங்கே அதைச் சட்டப்படி வேட்டையாடலாம், ஆனால் அமெரிக்கா அதன் இறக்குமதியை அனுமதிப்பதில்லை. ஏற்றுமதி அனுமதி இருப்பதால் இறக்குமதி அனுமதியும் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்கு இதுவே சான்று. பட்டியலில் உள்ள எந்த விலங்கையும் உங்கள் நாட்டு வனவிலங்குத் துறையின் எழுத்துப் பதில் வரும்வரை ஒப்பந்தத்தில் சேர்க்காதீர்கள்.

வார்த்தாக் காட்டுப்பன்றி இனம் என்பதால், பன்றிகளைத் தாக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அச்சம் காரணமாக அமெரிக்கா போன்ற நாடுகள் அதன் தோலை அங்கீகரிக்கப்பட்ட பாடம் செய்யும் நிலையத்துக்கு நேராக அனுப்பச் சொல்கின்றன. அதன் கோரைப்பற்களும் சுத்தம் செய்த மண்டையோடும் மட்டும் போதும் என்று முடிவு செய்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். முகாமை விட்டுக் கிளம்பும் நாளில் ஒவ்வொரு மண்டையோட்டிலும் தோலிலும் உங்கள் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டு கட்டப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அனுமதிச் சீட்டின் நகலையும் கணக்குச் சீட்டையும் வாங்குங்கள். சரக்கை உங்கள் நாட்டில் பெற்றுத்தரும் சுங்க முகவரின் பெயரை, அவரிடம் முன்பே பேசி முடித்து, ஏற்பாட்டாளரிடம் எழுதிக்கொடுங்கள்.